ஒபிஸ் பூட்டிய பிறகு பறவைக்கு யார்?

என் சித்தியின் மகன் கொழும்பில் மீன்தொட்டி வேலை செய்கிறான். தொட்டி விற்பது குறைவு, பராமரிப்புத்தான் அவன் தொழில். கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் சில கந்தோர்கள், வெள்ளவத்தையில் இரண்டு பல் வைத்தியர்களின் காத்திருப்பு அறைகள், செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை என்று மாதக் காசு கட்டுகிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்த் தண்ணீர் மாற்றி, கண்ணாடி துடைத்து, செத்த மீனை எடுத்துவிட்டுப் புது மீன் விட்டு வருவான். போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன், என் பல்கனியில் இருக்கும் கொக்கட்டீல் என்ற சின்னக் கொண்டைக்கிளிச் சோடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்: "அண்ணா, மீன்தொட்டிக்குச் செய்யிற மாதிரிப் பறவைக் கூட்டுக்கும் மாதக் காசுக்குச் செய்தா என்ன? ரெண்டு மூண்டு கம்பனிக்காரர் கேக்கினம்."

அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதற்குப் பிறகு இருவரும் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், கேட்ட இடங்களுக்குப் போய்ப் பார்த்திருக்கிறோம். பல வருடமாகப் பறவை வளர்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். கந்தோருக்குக் கூடு வாங்க யோசிக்கிற முதலாளிமாரும், இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கிற இளைஞர்களும், கூட்டை வாங்குவதற்கு முன்னால் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்படியொரு சேவை உலகத்தில் இல்லாத ஒன்றில்லை. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் சுவரோடு சுவராகப் பெரிய கண்ணாடிக் கூட்டைப் பொருத்தி, அதற்குள் சின்னச் சின்னக் குருவிகளை விட்டு, ஒழுங்காக ஆள் அனுப்பிக் கூட்டைத் துப்புரவாக்கிக் கொடுக்கிற கம்பனிகள் இருக்கின்றன. நம் பக்கத்தில் பறவையை வைத்துத் தொழில் செய்வதென்றால் முதலில் நினைவுக்கு வருவது கிளி சோதிடம். சின்னப் பெட்டிக்குள்ளிருந்து வந்து, ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு நெல் மணியை வாங்கிக்கொண்டு திரும்பப் பெட்டிக்குள் போகும் கிளி. சின்ன வயதில் கோயில் வாசலில் அதைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பெட்டியின் அளவுதான் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தச் சோதிடர் ராத்திரி வீட்டுக்குப் போகும்போது கிளியையும் தூக்கிக்கொண்டுதான் போனார். கந்தோரில் அது நடக்காது.

மீன்தொட்டிச் சேவை ஏன் இலாபமாக நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். நடுவிலிருக்கிற பதினான்கு நாளும் அங்கே வேலை செய்வது இயந்திரம். வடிகட்டி தண்ணீரைச் சுத்தம் செய்கிறது. டைமர் விளக்கை அணைக்கிறது. உணவு போடுகிற கருவி இரண்டு வேளையும் தீனி போடுகிறது. நல்ல நிலையில் இருக்கிற தொட்டி மீன், தீனி இல்லாமலேயே சில நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஒரு ஆள் ஒரு மோட்டார் சைக்கிளில் ஒரு நாளைக்கு நாலைந்து இடம் பார்த்துவிடலாம். தம்பியின் கணக்கு இந்த அடிப்படையில் போடப்பட்டது.

பறவைக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒரு பட்ஜரிகார், அதாவது நாம் இங்கே "லவ் பேர்ட்ஸ்" என்று சொல்கிற சின்னக் கிளி, 30 முதல் 40 கிராம் நிறை. அந்த உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு நாள், ஒன்றரை நாள் தீனி இல்லாமல் போனால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர்க் கிண்ணத்தில் எச்சம் விழுந்தால் அதே நாளில் மாற்ற வேண்டும், அதுவும் கொழும்புச் சூட்டில் தண்ணீர் கெடுகிற வேகம் தெரியும்தானே.

சரி, கந்தோரில்தான் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் பார்க்க மாட்டார்களா என்று கேட்கலாம். கணக்குப் பார்த்தோம். காலை எட்டரைக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டுகிற இடம், கிழமையில் ஐந்து நாள். மொத்தம் 42 மணித்தியாலமும் சொச்சமும். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். மிச்சம் 125 மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இதன் மேல் மாதம் ஒரு போயா என்ற பௌர்ணமி விடுமுறை, வெசாக், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, நத்தார், ஹஜ் பெருநாள். இத்தனை விடுமுறையுள்ள நாட்டில், சனி ஞாயிறோடு ஒரு போயா சேர்ந்தால் மூன்று நாள் கதவு திறக்காது. அந்த நேரத்தில் குளிரூட்டியும் ஓடாது. பகலில் 23 பாகையில் இருந்த கண்ணாடி அறை, மேற்கு வெயில் விழுகிற பக்கமாக இருந்தால், சனிக்கிழமை பின்னேரம் அடுப்பாகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. பல வருடங்களுக்கு முன் கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை செய்தேன். வரவேற்பறையில் இரண்டு லவ் பேர்ட்ஸ், ஒன்று பச்சை, மற்றது நீலம். எல்லாருக்கும் பிடிக்கும். வருகிறவர்கள் கூட்டருகே நின்று விசிலடிப்பார்கள். ஒரு வெசாக் விடுமுறை, சனி ஞாயிறோடு சேர்ந்து நாலு நாள் வந்தது. பூட்டுவதற்கு முன் கந்தோர்ப் பையன் கூட்டைப் பார்த்தான்; தீனிக் கிண்ணம் நிரம்பி இருந்தது, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான். விடுமுறை முடிந்த காலை முதலில் வந்தது நான். பச்சை அடியில் கிடந்தது. நீலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறகைப் பரத்தியபடி தொங்கிக்கொண்டிருந்தது. கிண்ணமோ அப்போதும் நிரம்பித்தான் இருந்தது. கையில் எடுத்து வாயால் ஊதினேன். முழுவதும் உமி. எல்லாம் மேசை மேலே பறந்தது. அடியில் ஒரு தினை மணியும் இல்லை.

தினை தின்னுகிற பறவை மணியை அலகால் உடைத்து, உள்ளே இருப்பதை மட்டும் விழுங்கிவிட்டு, கோதைத் திரும்பக் கிண்ணத்திலேயே போடும். மேலோட்டமாகப் பார்த்தால் நிறையத் தீனி இருப்பதுபோலத் தெரியும். பறவை வளர்க்கிறவர்கள் தினமும் கிண்ணத்தை ஊதுவது இதற்காகத்தான். அந்தப் பையனில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கந்தோரில் குளிரூட்டிக்கு ஒரு பொறுப்பாளர், போட்டோகொப்பி இயந்திரத்துக்கு ஒருவர், தீயணைப்புக் கருவிக்கும் ஒருவர் இருந்தார். பறவைக்கு நேரே எந்தக் காகிதத்திலும் ஒரு பெயர் இருக்கவில்லை. நீலத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுதான் என் முதல் பறவை. பிறகு ஆறு வருடம் என்னோடு இருந்தது.

இந்த நாட்டில் கடைசிப் பத்து வருடத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். 2020 மார்ச் 20, ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். திங்கட்கிழமை காலை வரை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். இடையில் சில மணித்தியாலம் தளர்ந்ததைத் தவிர, கொழும்பில் அது மே கடைசி வரை நீண்டது. திங்கட்கிழமை வரலாம் என்று நினைத்துப் பூட்டிய கந்தோரில் ஒரு கூடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பிறகு பெற்றோல் வரிசை. சேவைக்காரன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வர முடியாத நாட்கள் அவை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனபோது, இறக்குமதித் தீனியின் விலையும் கூடவே ஏறியது. இந்தத் தொழிலைத் தொடங்குகிறவர், நான் வர முடியாத நாளில் பறவைகளை எப்படி வெளியே எடுப்பது என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்புக் கந்தோர்களிலும் கடைகளிலும் பறவைக்கு வருகிற பெரிய ஆபத்து இதுதான்.

பறவையின் மூச்சு நம்முடையதைப் போல உள்ளே போய் வெளியே வருகிற ஒன்றில்லை. நுரையீரலோடு காற்றுப் பைகள் இணைந்திருக்கின்றன. பெரும்பாலான பறவைகளில் ஒன்பது. காற்று நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடுகிறது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் இரத்தத்துக்குப் புதுக்காற்றுக் கிடைக்கிறது. பறப்பதற்கு வேண்டிய ஒட்சிசன் இப்படித்தான் வருகிறது. ஆனால் காற்றில் நஞ்சு இருந்தால் அதுவும் இதே வேகத்தில் இரத்தத்தில் ஏறும். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் கனேரிக் குருவிகளைக் கூட்டில் வைத்துக் கீழே கொண்டுபோனதற்குக் காரணம் இதுதான். ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற உடலியலாளர் 1890களில் இந்த யோசனையைச் சொன்னார். மனிதனுக்குத் தெரிவதற்கு முன்பே குருவி தள்ளாடி விழுந்தால், காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது என்று அர்த்தம். 1986இல்தான் அங்கே குருவிகளுக்குப் பதிலாக மின்னணுக் கருவி வைக்க முடிவெடுத்தார்கள். ஒருவகையில் பார்த்தால், வேலைத்தளத்தில் சம்பளமில்லாமல் உழைத்த முதல் கூட்டுப் பறவைகள் அவை.

இப்போது செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையை நினைத்துப் பாருங்கள். காலையில் கடை திறந்ததும் சுவாமிப் படத்துக்கு ஊதுபத்தி, கற்பூரம். வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணிப் புகை கடை முழுக்கச் சுற்றி வரும். பின்னால் பட்டறை இருந்தால் பற்றவைக்கிற புகையும் அமிலத்தின் ஆவியும். கண்ணாடிக் கதவு மூடி, ஸ்பிளிட் ஏசி ஓடுகிறது. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. தம்பியிடம் கூடு கேட்டவர்களில் முதல் ஆள் அப்படியொரு கடைக்காரர்தான். நல்ல மனிதர். "சாம்பிராணி போடுறதை நிப்பாட்ட ஏலாது தம்பி, அது அப்பா காலத்து வழக்கம்" என்று நேராகவே சொன்னார். நான் அவரை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடைக்குப் பறவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மீன்தொட்டி போதும் அவருக்கு.

கந்தோர்களில் வேறு மணம். ரூம் ஸ்பிரே, தரை கழுவுகிற திரவம், மேசைக்குக் கீழே நுளம்புச் சுருள். பூச்சி மருந்து அடிக்கிற கம்பனியோடு பெரும்பாலான இடங்களுக்கு ஒப்பந்தம் இருக்கும், ஊழியர்களுக்குத் தொல்லை இல்லாமல் சனிக்கிழமை வந்து அடிப்பார்கள். ஊழியர் வீட்டிலே, பறவை உள்ளே. டெங்குக் காலத்தில் தெருவெல்லாம் புகை அடிப்பார்கள், அது ஜன்னல் வழியாக வரும். சாப்பாட்டு அறையில் யாராவது நொன்ஸ்டிக் சட்டியை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், அதிகச் சூட்டில் டெஃப்ளோன் பூச்சிலிருந்து வருகிற ஆவி நம் மூக்குக்கே தெரியாது. பக்கத்து அறையில் இருக்கிற பறவை சில நிமிடத்தில் செத்துவிடும். பறவை வளர்க்கிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தச் சின்னப் பறவைகளுக்கு 10 முதல் 12 மணித்தியாலம் இருட்டும் அமைதியும் வேண்டும். கந்தோரிலோ ஏழு மணிக்குத் துப்புரவு செய்கிறவர்கள் வருவார்கள், மாதக் கடைசியில் கணக்குப் பகுதி ஒன்பது மணி வரை இருக்கும், வரவேற்பறை விளக்குப் பாதுகாப்புக்காக விடியவிடிய எரியும். தூக்கம் கெட்ட பறவை எரிச்சலடையும், கடிக்கும், தன் இறகைத் தானே பிடுங்கும். இறகு பிடுங்கிய கிளியை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். தலை மட்டும் அழகாக இருக்கும், ஏனென்றால் அதன் அலகு எட்டாத இடம் அது ஒன்றுதான்.

தீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் போட்டால் ஈரல் கொழுத்து, உயிர்ச்சத்து ஏ குறைந்து நோய் வரும். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எல்லாம் நம் சந்தையிலேயே இருக்கின்றன, நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம். கல்சியத்துக்கு மீன் சந்தையில் கிடைக்கிற கணவாய் ஓட்டை அவித்துக் காயவைத்துக் கூட்டில் செருகினால் போதும். ஆபத்து எங்கே வருகிறதென்றால் ஷோர்ட் ஈட்ஸ் தட்டிலிருந்து. ரோல்ஸ் துண்டு, பட்டீஸ் ஓரம், சொக்லேட், பால் தேநீரில் நனைத்த பிஸ்கட் என்று அன்போடு கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் கெடுதல். சொக்லேட் நஞ்சு. ஆனைக்கொய்யா, அதாவது அவகாடோ, பறவைக்குக் கொல்லும் நஞ்சு. ஐம்பது பேர் வேலை செய்கிற இடத்தில் ஐம்பது பேருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பூட்டுப் போட்ட கூடும், "தயவுசெய்து உணவு கொடுக்க வேண்டாம்" என்று மும்மொழியில் ஒரு அட்டையும் வேண்டும். கூட்டுக் கம்பியையும் பார்த்து வாங்க வேண்டும்: மலிவான நாகப்பூச்சுக் கம்பியை அலகால் சுரண்டிச் சுரண்டி நாகம் உடம்பில் ஏறிச் செத்த கிளிகள் நிறைய.

இவ்வளவு நேரமும் பறவையின் பக்கம் பேசினேன். மனிதர் பக்கமும் இருக்கிறது. கிளி வகைகளிலிருந்து மனிதருக்குத் தொற்றுகிற சிட்டகோசிஸ் என்ற நோய், காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சோடு இழுத்தால் வரும். காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல். 1929-30இல் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் போன கிளிகளால் பல நாடுகளில் இது பரவி உயிர்களைப் பறித்தது. இன்றைக்கு மருந்து உண்டு, சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் குணமாகும். ஆனால் வைத்தியரிடம் "எங்கள் ஒபிஸில் கிளி இருக்கிறது" என்று சொன்னால்தானே அவருக்கு அந்தச் சந்தேகம் வரும். கொக்கட்டீல் போன்றவை உடம்பிலிருந்து வெள்ளை மா மாதிரி ஒரு தூசியை உதிர்க்கும். என் பல்கனியில் அது காற்றோடு போய்விடுகிறது, மூடிய ஏசி அறையில் எங்கும் போகாது. ஆஸ்துமா உள்ள ஒரு பெண் பக்கத்து மேசையில் இருந்தால் அவருக்குத் தினமும் அவஸ்தை, ஆனால் முதலாளி ஆசையாக வைத்த பறவை என்பதால் வாய் திறக்கவும் மாட்டார். ஆகவே கூடு வைப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் கைதூக்கச் சொல்லிக் கேட்டால் உண்மை வராது.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. இலங்கைக்கே உரிய மலைமைனா நன்றாகப் பேசும் என்பதால் குஞ்சிலேயே பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்கிக் கந்தோரில் வைப்பது குற்றம். பட்ஜரிகார், கொக்கட்டீல், ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவி போன்றவை கூட்டிலேயே பல தலைமுறையாக இனப்பெருக்கம் செய்த வெளிநாட்டுப் பறவைகள், அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வேண்டும் என்று கேட்கிற பெரிய கம்பனிகளுக்கு ஒரு விஷயம்: காட்டில் அதன் தொகை குறைந்துகொண்டே போனதால், 2016இல் சர்வதேச வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையில் மிகக் கடுமையான முதலாம் பட்டியலுக்கு அதை மாற்றினார்கள். பறவை இறக்குமதிக்கு, 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் அனுமதியும் தனிமைப்படுத்தலும் வேண்டும். கொடுமைக்கு எதிரான சட்டமோ 1907இல் எழுதியது. அதில் போட்டிருந்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய், இன்றைக்கு ஒரு நேரத் தேநீர்ச் செலவு. ஆகவே பறவையைக் காப்பாற்றப்போவது சட்டமில்லை, சேவைக்காரர் எழுதுகிற ஒப்பந்தம்.

பெரிய கிளிகளை இந்தச் சேவையில் சேர்க்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. சாம்பல் கிளி 40 வருடத்துக்கு மேல் வாழும். கொழும்பில் 40 வருடம் ஒரே இடத்தில் ஒரே முதலாளியோடு இருக்கிற கம்பனி எத்தனை? அது ஒரு மனிதரோடு ஒட்டிக்கொள்கிற பறவை. அந்த மனிதர் வேலை மாறிப் போனால் அதற்கு விளங்கப்படுத்த யாராலும் முடியாது. கொக்கட்டு என்ற பெரிய கொண்டைக்கிளி கத்தினால் 100 டெசிபலைத் தாண்டும், தொலைபேசியில் பேச முடியாது. தனிக் கிளி எதுவானாலும் வேண்டாம். கிளிகள் கூட்டமாக வாழ்கிறவை. எங்கள் வெள்ளவத்தை மொட்டை மாடியில் பின்னேரம் நின்றால் பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டு பறந்துபோவதைப் பார்க்கலாம். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் கூட்டமாகத்தான் போகின்றன. தினைப்புனத்தில் கிளி கடிந்த காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த விஷயம்தான் இது: ஒரே ஒரு கிளி வந்தால் யார் பரண் கட்டி, கவண் எடுத்து விரட்டப் போகிறார்கள்?

கந்தோருக்குப் பொருத்தமானது வரிக்குருவி மாதிரி இருக்கிற சின்ன ஃபிஞ்ச்கள். சீப்ரா ஃபிஞ்ச் ஒன்று 12 கிராம் வரும். மனிதர் கையில் ஏறாது, பேசாது, தன் இனத்தோடு இருந்தால் அதற்கு அது போதும். நாலு முதல் ஆறு ஆண் குருவிகள். பெட்டையும் சேர்ந்தால் சில மாதத்தில் கூடு நிறைந்துவிடும். கூடு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும், அவை பக்கவாட்டில் பறப்பவை. சத்தமும் பொம்மைக் குழல் மாதிரி ஒரு சின்னப் "பீப் பீப்" மட்டும். தொட்டுக் கொஞ்ச ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். பார்த்து ரசிக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட வடிவான காட்சி இல்லை.

பறவை இருந்தால் மனிதருக்கு உண்மையில் நன்மை உண்டா? 1975இல் இங்கிலாந்தில் தனியாக வாழ்ந்த முதியவர்கள் சிலருக்கு ஒரு பட்ஜரிகாரும், வேறு சிலருக்கு ஒரு பெகோனியாப் பூச்செடியும் கொடுத்துப் பார்த்தார்கள். செடி கிடைத்தவர்களைவிடப் பறவை கிடைத்தவர்களின் மனநிலையும் மற்றவர்களோடான பழக்கமும் நன்றாக மாறியிருந்தன. 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை நிலையத்துக்குப் புதிதாக வந்த முதியவர்களின் அறையில் பத்து நாள் ஒரு பட்ஜரிகார் வைத்தார்கள். மனச்சோர்வு குறைந்தது, தனிமை உணர்வில் பெரிய மாற்றமில்லை. இரண்டுமே சின்ன ஆய்வுகள். இரண்டிலும் இருந்தவர்கள் முதியவர்கள், நாள் முழுக்க அந்தப் பறவையோடு இருந்தவர்கள். இதை வைத்துக்கொண்டு "பறவை வைத்தால் ஊழியரின் உற்பத்தித்திறன் கூடும்" என்று விளம்பரம் போடுவது நேர்மையில்லை. தம்பியிடம் அந்த வரியை எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டான்.

அப்புறம் ஒப்பந்தத்தை உட்கார்ந்து எழுதினோம். பறவையும் கூடும் சேவைக்காரருக்கே சொந்தம்; எந்த நேரமும் திரும்ப எடுத்துப்போகும் உரிமை அவருக்கு உண்டு. கிழமையில் ஏழு நாளும் ஒருவர் பார்க்க வேண்டும், அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அவர் லீவு போட்டால் யார் என்ற பெயரும் இருக்க வேண்டும். பூச்சி மருந்து அடிப்பதானால் இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும். நிறை பார்ப்பது சேவைக்காரரின் வேலை: பறவை தன் நோயைக் கடைசி வரை மறைக்கும், ஆனால் தராசை ஏமாற்ற முடியாது. பத்தில் ஒரு பங்கு நிறை குறைந்தால் மிருக வைத்தியரிடம். நாட்டில் மிருக வைத்தியபீடம் ஒன்றுதான், பேராதனையில்; கொழும்பில் நாய் பூனை பார்க்கிறவர்களே கூடுதல், ஆகவே பறவை பார்க்கிற ஒருவரை முன்கூட்டியே தேடிப் பேசி வைக்க வேண்டும். வெசாக்குக்குப் புண்ணியம் என்று யாரும் கூட்டைத் திறந்துவிடக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தோம். கூட்டில் பிறந்த ஃபிஞ்ச் கொழும்புக் காகங்களிடம் அரை மணித்தியாலம் தாங்காது.

இவ்வளவையும் போட்டு விலை பார்த்தால், மீன்தொட்டிச் சேவையின் விலைக்கு இது கட்டுப்படியாகவில்லை. தினமும் ஒரு ஆள் போக வேண்டிய தொழிலில் சம்பளம்தான் பெரிய செலவு. விலையைச் சொன்னதும் கேட்ட கம்பனிகளில் இரண்டு பின்வாங்கின. எனக்கு அதில் கவலையில்லை, குறைந்த விலைக்குச் செய்திருந்தால் அந்தக் குறைப்பைக் கட்டியிருக்கப் போவது பறவைதான்.

பிறகு தம்பியே ஒரு வழி கண்டுபிடித்தான். 125 மணித்தியாலம்தான் பிரச்சினை என்றால், பூட்டாத இடமாகப் பார்த்தால் என்ன? கொழும்புக்குள்ளேயே ஒரு முதியோர் இல்லம். பகலும் இரவும் பணியாளர், போயாவும் இல்லை, சனி ஞாயிறும் இல்லை. பூசையறை பின்பக்கம், வேறு கட்டடத்தில். கூடத்தில் ஏசி கிடையாது, இரண்டு பக்கமும் ஜன்னல், காலை வெயில் ஓரமாக விழும். ஆறு அடி நீளக் கூட்டில் ஐந்து ஃபிஞ்ச்கள் இப்போது அங்கே இருக்கின்றன. தம்பி கிழமைக்கு இரண்டு தரம் போகிறான். மாதக் காசு அவன் முதலில் கணக்குப் போட்டதில் பாதிகூட இல்லை, ஆனால் அங்கே நடக்கிற வேலையில் பாதியை அவன் செய்ய வேண்டியும் இல்லை.

போன கிழமை அவனோடு போனேன். தீனிக் கிண்ணத்தை எடுப்பதற்காகக் கூட்டுக் கதவில் கை வைத்தேன். ஜன்னலோரக் கதிரையில் இருந்த ஒரு அம்மா, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவராம், என்னைப் பார்த்துச் சொன்னார்: "அதை நான் காலமையே ஊதிப் போட்டன் தம்பி. அடியில ரெண்டு நாளுக்குத் தினை கிடக்கு." பக்கத்தில் ஒரு கொப்பி. ஒவ்வொரு நாளுக்கும் திகதி, அதற்கு நேரே ஊதிய நேரம், ஆசிரியைக் கையெழுத்தில்.